42 மணி நேரப் பயிற்சியும் 1,07,941 மரணங்களும்

அமெரிக்கக் காவல் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேருபவர் துப்பாக்கி சுடப் பழகும் நேரம் சராசரியாக 71 மணி. தற்காப்புக்கு 60 மணி. குற்றப் புலனாய்வுக்கு 42 மணி. அந்நாட்டு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2013-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கு இது. அப்போது 664 பயிற்சிப் பள்ளிகள் இயங்கின. அடிப்படைப் பயிற்சி மொத்தம் சுமார் 840 மணி, அதாவது 21 வாரம். ஆயுதமும் தற்காப்பும் சேர்ந்து 131 மணி, 15.6%. புலனாய்வின் பங்கு 5%. திருட்டு, வழிப்பறி, கொலை என எல்லாம் அந்த 42 மணிக்குள் அடக்கம். போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்து இறந்தவரின் அறையில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த அட்டவணையில் தனி வரி இல்லை.

அதே நாட்டில் 1999-இல் ஓவர்டோஸால் இறந்தவர்கள் 16,849 பேர். 2022-இல் 1,07,941 பேர். 23 ஆண்டுகளில் 6.4 மடங்கு. மக்கள்தொகை வளர்ச்சியைக் கழித்துப் பார்த்தாலும், 1 லட்சம் பேருக்கு 6.1 என்ற விகிதம் 32.6 ஆகியிருக்கிறது, 5.3 மடங்கு. நாள் கணக்கில் 1999-இல் 46 பேர், 2022-இல் 296 பேர்.

இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி ஒரே வகைப் பொருளால் வந்தது. ஃபென்டானில் உள்ளிட்ட செயற்கை ஓபியாய்டுகள் (அபின் வகைப் போதைமருந்துகள்) 2013-இல் 3,105 மரணங்களில் தென்பட்டன. அந்த ஆண்டின் 43,982 ஓவர்டோஸ் மரணங்களில் அது 7.1%. 2022-இல் 73,838, பங்கு 68.4%. ஒன்பது ஆண்டுகளில் 23.8 மடங்கு. 2013-இல் பயிற்சி முடித்து வெளியே வந்த காவலர் படித்த பாடத்துக்கும், 2022-இல் அவர் கதவைத் திறந்து நுழைந்த அறைக்கும் இடையிலுள்ள தூரம் அது.

மற்ற மரணங்களோடு ஒப்பிட்டால் 2021-இன் எண்கள் போதும். அந்த ஆண்டு ஓவர்டோஸ் மரணங்கள் 1,06,699. கொலைகள் 26,031. சாலை விபத்து மரணங்கள் சுமார் 43,000. ஒரு கொலைக்கு 4.1 ஓவர்டோஸ் மரணம். ஒரு சாலை மரணத்துக்கு ஏறத்தாழ 2.5. கொலை விசாரணைக்குத் தனிப் பிரிவும், சாலை விபத்துக்கு அளவெடுக்கும் நிபுணர்களும் பெரிய காவல் துறைகளில் உண்டு. ஓவர்டோஸ் மட்டும் நெடுங்காலம் ‘விபத்து’ என்ற ஒரு சொல்லோடு மூடப்பட்டது. இறப்புச் சான்றிதழில் அது இன்றும் பெரும்பாலும் விபத்துதான். கொலை என்று சான்றளிக்கப்படுபவை 1%-க்கும் குறைவு.

தமிழ்நாட்டில் இயற்கைக்கு மாறான சாவு என்றால் காவல் நிலையத்தில் பதிவாகி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 174, இப்போது 194 என்ற பிரிவின்கீழ் விசாரணை தொடங்கும். அமெரிக்காவில் சாவின் காரணத்தைச் சொல்லும் பொறுப்பு கொரோனருக்கோ மருத்துவ ஆய்வாளருக்கோ உரியது. குற்றம் உண்டா என்று பார்ப்பது மட்டுமே காவல் துறையின் வேலை. 2004-இல் நாடு முழுக்க இப்படி 1,998 அலுவலகங்கள் இருந்தன. முழுநேரக் கணக்கில் ஊழியர்கள் 7,320 பேர், ஆண்டுச் செலவு 71.85 கோடி டாலர். அலுவலகத்துக்குச் சராசரி 3.7 ஊழியர்கள், 3.6 லட்சம் டாலர். கலிஃபோர்னியாவின் 58 மாவட்டங்களில் 48-இல் ஷெரிஃப்பே கொரோனர். அங்கே காவல் அதிகாரியும் மரண விசாரணை அதிகாரியும் ஒருவரே.

அறுத்துப் பார்க்க மருத்துவர்கள் போதுமா என்றால், அதற்கும் ஒரு பெருக்கல் உண்டு. ஒரு தடயவியல் மருத்துவர் ஆண்டுக்கு 250 உடற்கூறாய்வுக்கு மேல் செய்யக் கூடாது என்பது அவர்களின் தேசியச் சங்கத்தின் பரிந்துரை. 325-ஐத் தாண்டினால் அலுவலகத்தின் அங்கீகாரத்துக்கே சிக்கல். முழுநேரத் தடயவியல் மருத்துவர்கள் 400 முதல் 500 பேர் என்று நீதித்துறை 2019-இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை சொன்னது. 2021-இன் 1,06,699 உடல்களையும் முழுமையாக அறுத்துப் பார்ப்பதென்றால், 250 வீதம் 427 மருத்துவர்கள் வேண்டும். நாட்டின் ஏறத்தாழ எல்லாத் தடயவியல் மருத்துவர்களும் சுடப்பட்டவர், குத்தப்பட்டவர், எரிந்தவர், நீரில் மூழ்கியவர் என வேறு ஒருவரையும் தொடாமல் இதையே செய்தால்தான் கணக்கு நேராகும். நடக்காத காரியம். ஆகவே பல மரணங்களில் இரத்தப் பரிசோதனையும், சம்பவ இடத்தில் முதலில் நின்ற காவலர் எழுதிய குறிப்பும்தான் முடிவைத் தாங்குகின்றன.

அந்த அறைக்குள் போவோம். கட்டிலருகே ஒரு சிறு மேசை. அதன்மேல் ‘எம்’ என்றும் ‘30’ என்றும் அச்சிட்ட நீல மாத்திரை ஒன்று. பார்வைக்கு 30 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன், மருந்துக்கடை மாத்திரை. எடை சுமார் 0.1 கிராம். அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் இத்தகைய போலி மாத்திரைகளைச் சோதித்தபோது ஒரு மாத்திரையில் 0.02 மில்லிகிராம் முதல் 5.1 மில்லிகிராம் வரை ஃபென்டானில் இருந்தது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே 255 மடங்கு. பழக்கமில்லாத உடலைக் கொல்லக்கூடிய அளவு என்று அதே அமைப்பு சொல்வது 2 மில்லிகிராம், 0.1 கிராம் மாத்திரையில் அது 2%. ஆய்வகத்துக்கு வந்த போலி மாத்திரைகளில் அந்த அளவோ அதற்கு மேலோ கொண்டவை 2021-இல் 10-க்கு 4, 2022-இல் 6, 2023-இல் 7, 2024-இல் 5. மேசையில் மிஞ்சிய ஒரு மாத்திரை, அடுத்த தெருவில் அதே கையிடம் வாங்கியவர்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பதற்கான மாதிரி. அதை ‘விபத்துதானே’ என்று குப்பையில் தள்ளிய காவலரைக் குறை சொல்வது எளிது. அதை எடுக்கச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை.

மேசையில் வேறு பொருள்களும் இருக்கும். மடித்த காகிதப் பொட்டலம், அதன்மேல் விற்பவர் குத்திய முத்திரை. ஊசி, கருகிய கரண்டி, அலுமினியத் தாள். ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நாலாக்சோனின் காலி மூக்குத் தெளிப்பான். ஒன்றுக்கு 4 மில்லிகிராம், எத்தனை காலி என்று எண்ண வேண்டும். திரை இன்னும் ஒளிரும் கைப்பேசி. ஓவர்டோஸ் விசாரணைப் பயிற்சியின் சாரம் இவற்றை எந்த வரிசையில் படம் எடுப்பது, எப்படித் தனித்தனியே உறையிட்டு முத்திரை வைப்பது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எப்படி எழுதுவது என்பதுதான். இதற்கு வேதியியல் காரணமும் உண்டு. ஹெராயின் உடலுக்குள் சில நிமிடங்களிலேயே சிதைந்து, கடைசியில் மார்ஃபினாக நிற்கிறது. இரத்தத்தில் மார்ஃபின் மட்டும் கிடைத்தால், அது மருத்துவமனை மார்ஃபினா, தெருவில் வாங்கிய ஹெராயினா என்று சொல்ல மேசையிலிருந்த கரண்டி வேண்டும். கரண்டியை யாரும் எடுக்கவில்லை என்றால் சான்றிதழில் ஹெராயின் என்ற சொல் வராமலே போகக்கூடும்.

அப்படி வராமல் போனவை எத்தனை? 1999 முதல் 2013 வரை, ஏதேனும் ஒரு போதைப்பொருளின் பெயரைக் குறிப்பிட்ட ஓவர்டோஸ் சான்றிதழ்கள் 75% முதல் 79% வரை மட்டுமே. நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று, எதனால் இறந்தார் என்ற பெயரே இல்லாத சான்றிதழ். 2017-இல் பெயருள்ளவை 88%. எஞ்சிய 12% என்பது அந்த ஆண்டின் 70,237 மரணங்களில் சுமார் 8,430. 2018-இல் 92%, 67,367 மரணங்களில் பெயரில்லாதவை சுமார் 5,390. ஒரே ஆண்டில் 3,000-க்கு மேல் குறைந்தது நல்ல செய்தி. ஆனால் பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 1999 முதல் 2016 வரை ஓபியாய்டு மரணம் என்று பதிவாகாமல் விடுபட்டவை 99,160 என மதிப்பிட்டது. பதிவானதோடு சேர்த்தால் எண்ணிக்கை 28% உயரும். சிகிச்சை மையம் எங்கே வேண்டும், நாலாக்சோன் எந்த மாவட்டத்துக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் 18 ஆண்டுகள் இந்தக் குறைந்த எண்ணை வைத்தே முடிவெடுத்தார்கள். இந்தக் கட்டுரையின் எண்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். இறந்தவர்கள் கணக்கிலும் விடுபட்டிருக்கிறார்கள்.

இனி வழக்கு. 1986 ஜூன் 19 அன்று, பாஸ்டன் அணிக்குத் தேர்வான இரண்டாம் நாள், லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர் கொகெய்னால் இறந்தார். 130 நாள் கழித்து, அக்டோபர் 27 அன்று புதிய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன் அச்சாணி 20 என்ற எண். சிறு அளவு ஹெராயின் விற்றதற்கு அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. விற்றதால் ஒருவர் இறந்தார் என்று நிரூபணமானால் அதே 20 குறைந்தபட்சமாகிறது, அதிகபட்சம் ஆயுள். கூரையாக இருந்த எண், மரணம் ஒன்று சேர்ந்தவுடன் தரையாகிறது. ஆகவே மரணத்தையும் விற்பனையையும் இணைக்கும் சான்று ஒவ்வொன்றும் மனித வாழ்வின் ஆண்டுகளாகவே கணக்கிடப்படுகிறது.

அந்த இணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை 2014 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பரேஜ் எதிர் அமெரிக்க அரசு என்ற வழக்கு. அயோவா மாநிலத்தில் 2010 ஏப்ரலில் ஒருவர் 1 கிராம் ஹெராயின் வாங்கினார். மறுநாள் காலை இறந்து கிடந்தார். வீட்டிலும் காரிலும் தேடியதில் 0.59 கிராம் ஹெராயின் கிடைத்தது. அது வாங்கியதன் மீதி என்று கொண்டால் உடலுக்குள் போனது 0.41 கிராம். இரத்தத்தில் ஹெராயினின் சிதைபொருள்களோடு கோடீன், அல்பிரசோலம், குளோனசிபம், ஆக்ஸிகோடோன் ஆகியவையும் இருந்தன. ஹெராயின் இல்லாதிருந்தால் இவர் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு, சாட்சி சொன்ன 2 நிபுணர்களாலும் ‘ஆம்’ என்று சொல்ல முடியவில்லை. ஹெராயினும் ஒரு காரணம் என்றே சொன்னார்கள். விற்றவருக்குக் கீழ் நீதிமன்றம் விதித்திருந்தது 20 ஆண்டு. அந்தப் பொருள் இல்லையேல் அந்த மரணமும் இல்லை என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும், ஒரு காரணமாக இருந்தது போதாது என்று 9 நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தனர். மரணத்துக்கான கூடுதல் தண்டனை ரத்தானது.

பயிற்சிப் பாடங்களில் இந்த வழக்கு கட்டாயம் இடம்பெற வேண்டியது. 5 பொருள்கள் கலந்த இரத்தத்தை நச்சியல் அறிக்கை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எதை எப்போது, எவ்வளவு எடுத்தார், கடைசியாக எப்போது பேசினார், குறட்டை எப்போது கேட்டது என்பதை அறையில் இருந்தவர்களிடம் அன்றே, அங்கேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து நச்சியல் அறிக்கை கைக்கு வரும்போது கேட்டால் நினைவு மங்கியிருக்கும், அறை துடைக்கப்பட்டிருக்கும்.

கைப்பேசிக்கும் சட்டம் உண்டு. கைதானவரின் பேசியைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும் என்பது 2014 ஜூன் தீர்ப்பு. கோபுரப் பதிவுகளுக்கும் வேண்டும் என்பது 2018 ஜூன் தீர்ப்பு. அந்த வழக்கில் 127 நாளில் ஒரு மனிதரின் 12,898 இருப்பிடப் பதிவுகளை, நாளுக்கு 101 வீதம், அரசுத் தரப்பு வாரண்ட் இல்லாமல் பெற்றிருந்தது. விற்றவரைத் தேடும் அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டினால் அந்தச் சான்று நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம்.

காவலரின் கையைத் தடுக்கும் இன்னொன்று பயம். ஃபென்டானிலைத் தொட்டாலே சாவு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நியூயார்க் மாநில அவசரகாலப் பணியாளர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், சற்றே தொட்டாலும் உயிர்போகும் என்று நம்பியவர்கள் 80%. அமெரிக்க நச்சியல் மருத்துவர்களின் இரு சங்கங்கள் 2017-இல் போட்ட கணக்கு வேறு. தொழிற்கூடங்களில் பதிவான மிக உயர்ந்த காற்றுச் செறிவில், முகக்கவசம் இல்லாமல் 200 நிமிடம் நின்றால்தான் 100 மைக்ரோகிராம் உள்ளே போகும். இரு உள்ளங்கைகளையும் மருந்துப் பட்டையால் முழுக்க மூடினால் அதே அளவு உடலில் ஏற 14 நிமிடம் ஆகும். கையுறையும் சோப்பும் தண்ணீரும் போதுமான பாதுகாப்பு. இந்த இரண்டு எண்களைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். சொல்லாவிட்டால், மூச்சு நின்றுகொண்டிருப்பவருக்கு அருகே செல்ல ஒருவர் தயங்குவார். அந்தத் தயக்கம் நிமிடக் கணக்கில் உயிரைத் தின்னும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தண்டனையை இந்தப் பயிற்சியின் அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் எழுத வேண்டும். போதைப்பொருள் கொடுத்து மரணம் விளைவித்ததாகத் தொடுத்த வழக்குகள் பற்றிய செய்திகள் 2011-இல் 363, 2016-இல் 1,178, 3.2 மடங்கு. பென்சில்வேனியாவில் இக்குற்றத்துக்கு அதிகபட்சம் 40 ஆண்டு. அதே 2011-க்கும் 2016-க்கும் இடையே மரணங்கள் குறையவில்லை. 2016-இல் 63,632-ஐத் தொட்டன. செய்தி எண்ணிக்கை வழக்கு எண்ணிக்கை ஆகாது. ஆகவே இதிலிருந்து காரண-காரியம் சொல்ல மாட்டேன். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் கூடவே அமர்ந்து எடுத்த நண்பர்கள், துணைவர்கள். அவசர எண் 911-ஐ அழைக்கக்கூடிய ஒரே ஆள் பல நேரம் அவர்தான். அழைப்பவரைச் சிறு வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் 2007-இல் நியூ மெக்சிகோவில் தொடங்கி, 2021-க்குள் 47 மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் வந்துவிட்டது. ஒரு கையால் அழைக்கச் சொல்லி, மறுகையால் 20 ஆண்டைக் காட்டினால் எந்தக் கையை அவர் நம்புவார்?

இண்டியானாபோலிஸ் நகரின் 2020, 2021 பதிவுகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வும் கவனிக்கத்தக்கது. காவல் துறை ஓபியாய்டைக் கைப்பற்றிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள், அடுத்த 7 நாளில் நேர்ந்த ஓவர்டோஸ் மரணங்கள் எதிர்பார்த்ததைப் போல 2 மடங்கு. பழகிய கை மறைந்ததும் அறியாத கையிடம், அறியாத வீரியத்தில் வாங்குகிறார்கள் என்பது ஒரு விளக்கம். ஒரு நகரத்தின் கணக்கு, அவ்வளவே. ஆனாலும் ஒரு பறிமுதல் நடந்தால் அந்த 7 நாளும் 500 மீட்டரும் சுகாதாரத் துறைக்குத் தெரிய வேண்டும். இதைப் பயிற்சியில் சேர்க்கப் பெரிய செலவு இல்லை.

விசாரணையின் பெரிய பலன் வேறு இடத்தில் இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு ஓர் எண் காரணம்: 62.7%. 2019 ஜனவரி முதல் ஜூன் வரை, 24 மாநிலங்களிலும் தலைநகரிலும் நேர்ந்த 16,236 ஓவர்டோஸ் மரணங்களை நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிரித்துப் பார்த்தது. அவற்றில் 62.7%, அதாவது சுமார் 10,180 மரணங்களில், தலையிட்டிருக்கக்கூடிய ஒரு தருணமாவது இருந்தது. அருகில் ஆள் இருந்தார், அல்லது அண்மையில் சிறையிலிருந்து வந்திருந்தார், அல்லது ஏற்கெனவே ஒருமுறை ஓவர்டோஸில் பிழைத்திருந்தார், அல்லது சிகிச்சையில் இருந்தார், அல்லது மனநோய் பதிவாகியிருந்தது. இந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன? சான்றிதழ், நச்சியல் அறிக்கை, சம்பவ இடக் குறிப்பு. மூன்றாவதை எழுதுபவர்களில் காவலரும் ஒருவர். வாஷிங்டன்–பால்டிமோர் வட்டாரப் போதைத் தடுப்பு அமைப்பு 2017 ஜனவரியில் தொடங்கிய ஓவர்டோஸ் வரைபடமும் இதே குறிப்பில்தான் ஓடுகிறது. எண்ணிக்கை வழக்கத்தைத் தாண்டினால் அக்கம்பக்கத்து அலுவலகங்களுக்கு எச்சரிக்கை போகும். காவலர் பதியவில்லை என்றால் எச்சரிக்கை இல்லை.

செலவு. 2008-இல் அமெரிக்காவில் 17,985 மாநில, உள்ளூர் காவல் அமைப்புகள். முழுநேரக் காவலர்கள் சுமார் 7,65,000. ஒவ்வொருவருக்கும் 8 மணி நேரப் பயிற்சி என்று வைத்தால் 61.2 லட்சம் மணி. 2023-இல் காவலர், துப்பறிவாளரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 74,910 டாலர். 2,080 மணிக்கு வகுத்தால் மணிக்கு 36 டாலர். பெருக்கினால் 22.03 கோடி டாலர். பயிற்றுநர், பயணம், மாற்று ஆள் எதுவும் இதில் சேரவில்லை. ஆண்டுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இது அளவறியப் போட்ட கணக்கு மட்டுமே. மறுபக்கம், 2017-இல் ஓபியாய்டுகளால் நேர்ந்த இழப்பு 1,02,100 கோடி டாலர் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதில் மரணங்களுக்கு மட்டும் 55,000 கோடி. மரணம் 47,600, ஒன்றுக்கு சுமார் 1.155 கோடி டாலர். இது கையிலிருந்து போன பணமல்ல, உயிருக்குப் போட்ட மதிப்பும் சேர்ந்தது. அந்த மதிப்பை ஏற்றால், 22.03 கோடிப் பயிற்சி 20 பேரைக் காத்தால் செலவு ஈடாகிவிடும். 2022-இன் கணக்கில் 20 பேர் என்பது ஒரு நாளின் 296-இல் 6.8%, நேரத்தில் 1 மணி 37 நிமிடம்.

2024-இன் தற்காலிகக் கணக்கில் மரணங்கள் 80,391. முந்தைய ஆண்டின் தற்காலிக மதிப்பீடு 1,10,037-லிருந்து 26.9% சரிவு. நாளுக்கு 220 பேர். சரிவு எதனால் என்பதில் நாலாக்சோன், சிகிச்சை, சந்தைப் பொருளின் வீரியம் என்று பல விடைகள் உலவுகின்றன. பயிற்சிக்கு அதில் பங்கு கேட்க என்னிடம் எண் இல்லை.

நடைமுறையில் இடிக்கும் எண் 49%. 2008-இன் 17,985 காவல் அமைப்புகளில் அத்தனை சதவீதத்தில் முழுநேரக் காவலர் எண்ணிக்கை 10-க்கும் குறைவு. 9 பேர் கொண்ட ஓர் ஊர்க் காவல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்கு 8 மணி என்றால் 72 மணி, மணிக்கு 36 வீதம் 2,592 டாலர். இரண்டு தெளிப்பான் கொண்ட நாலாக்சோன் பெட்டி, 2023-இல் சீட்டில்லாமல் கடைக்கு வந்தபோது அறிவித்த விலை 44.99 டாலர், அந்த 2,592 டாலருக்கு 57 பெட்டி வரும். மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் ஒப்புக்கொண்ட 2,600 கோடி டாலர் இழப்பீட்டில் குறைந்தது 85% ஓபியாய்டு பாதிப்பைத் தணிக்கச் செலவிட வேண்டியது. அதிலிருந்து இரண்டுக்கும் பணம் கேட்க வழி உண்டு. ஆனால் 9 பேரில் 3 பேர் வகுப்புக்குப் போகும் நாளில் ரோந்துக்கு மிஞ்சுபவர்கள் 6 பேர். மூன்று பணிமுறைக்கு ஆளுக்கு 8 மணி வீதம் பிரித்தால் ஒரு பணிமுறைக்கு 2 பேர். அவர்களில் ஒருவர் அன்று விடுப்பு கேட்டால், வகுப்பு தள்ளிப்போகும்.